வெயில் என்று சொல்லாத கோடை

சென்ற வாரம் செவலைக் காளை வாங்கிய கதையைப் பாதியில் நிறுத்தினேன். காளை எங்கேயும் ஓடிவிடாது. இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் நெற்றி வேர்வை சொட்டிக் காகிதத்தில் மை கலங்குகிறது. அதனால் இந்த வாரம் வெயிலைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

பழைய கோடை ஒன்றின் உச்சிப்பொழுது. எங்கள் கரிசல் காட்டில் ஒற்றை உடைமரம் ஒன்று உண்டு. அதன் நிழல் ஒரு சாக்கு விரிக்கிற அளவுக்குத்தான் விழும். அந்த நிழலில் நான் கிடக்கிறேன். உட்கார்ந்தேனா, விழுந்தேனா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தரையில் இருந்த வெடிப்பு ஒன்று என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதற்குள்ளிருந்து அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் அனல் வந்தது.

கஞ்சிக் கலயத்தோடு என் மனைவி பாக்கியம் வந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. கலயத்தைக் கீழே வைத்தாளோ போட்டாளோ, ஓடி வந்து என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்ன செய்யுது? ஏங்க, என்ன செய்யுது?"

நான் சொன்னேன், "ஒண்ணுமில்ல. வெளிச்சம் கொஞ்சம் கூடிப் போச்சு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை வைதாள். இந்த 'வெளிச்சம்' எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் அந்தச் சிரிப்பு உங்களுக்குப் புரியும்.

பங்குனியில் வந்த வினை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, துணிக்குத் தட்டுப்பாடு. பஸ் எல்லாம் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின. எனக்கு அறுபது தாண்டியிருந்தது. எங்களுக்கு ஒரே மகன், சுந்தரம். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை. குடும்பத்தோடு அங்கேயே இருந்தான்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், நான் வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வழக்கம்போல வெயிலைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டான். எனக்கு அது பழக்கம். முதுகில் வேர்க்குரு அரித்தால் வெயிலைத் திட்டுவேன். வேர்வையில் மூக்குக்கண்ணாடி வழுக்கி இறங்கினால் வெயிலைத் திட்டுவேன். கண் சொருகும் நேரத்துக்கு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தால், ஈயை விட்டுவிட்டு வெயிலைத் திட்டுவேன். பாக்கியம் கேட்பாள், "காலையில எந்திரிச்சு சூரியனைக் கும்பிடுறீக. மத்தியானம் அவரையே வையுறீக. அவரும்தான் என்ன செய்வாரு?"

சுந்தரம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

"ஐயா, இனிமே உங்களை இங்க விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல. காட்டைக் குத்தகைக்கு விட்டுருவோம். மாட்டை வித்துருவோம். நீங்களும் ஆத்தாவும் என்கூட வந்துருங்க. அங்க கோடையிலகூடப் போர்வை போத்திப் படுக்கலாம்."

"நான் எதுக்குடா வரணும்? எனக்கு இங்க என்ன குறை?"

"இத்தனை நேரம் குறைதானய்யா சொல்லிக்கிட்டு இருந்தீக!"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அது சும்மா வாய்ப்பேச்சுடா. வெயிலு என்னை என்ன செஞ்சிரும்?"

"அப்படின்னா ஒண்ணு செய்வோம். வைகாசி விசாகத்துக்கு வருவேன். அதுவரைக்கும் வெயிலு, வேக்காடு, புழுக்கம், இந்த மூணும் உங்க வாயில வரக்கூடாது. வரலைன்னா நீங்க இங்கயே இருங்க, நான் அப்புறம் பேசவே மாட்டேன். ஒருக்க வந்தாலும் வண்டி கட்டிற வேண்டியதுதான்."

உள்ளேயிருந்து பாக்கியம் குரல் கொடுத்தாள், "எரியுதுங்கிறதையும் சேத்துக்கப்பா. அதுதான் இவுக அதிகமாச் சொல்லுவாக."

"நீ யாரு பக்கம்?" என்றேன்.

"நான் எங்கயும் வரலை. நீ வேணும்னா இவுகளை மட்டும் கூட்டிட்டுப் போ சுந்தரம். காது குளுந்து கிடப்பேன்."

பக்கத்து வீட்டு இருளப்பன் அப்போது அங்கேதான் இருந்தான். என் வயதுக்காரன், எனக்கு மாமன் மகன் முறை. சுந்தரம் அவனைச் சாட்சியாக வைத்துவிட்டுப் போனான். ஆட்டுக்கு ஓநாயைக் காவல் வைத்த மாதிரி ஆயிற்று எனக்கு.

என் நாக்கை நானே நம்பவில்லை. மறுநாளே திருச்சுழிக் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்று, "அப்பனே, அக்னி நட்சத்திரம் கழிகிற வரைக்கும் அந்தச் சொல் என் வாயில் வராது. வராமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மண்ணிலேயே நான் இருந்துகொள்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மகனிடம் சொன்னதை மாற்றிப் பேசலாம். சாமியிடம் சொன்னதை மாற்ற முடியாது.

வெ... வெ...

கோயிலிலிருந்து வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வெளியே வந்தேன். வெறுங்காலைத் தரையில் வைத்ததும் அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"அடேயப்பா, வெ..."

வேலிக்கு அந்தப் பக்கம் இருளப்பன். கண் மின்ன நின்றுகொண்டிருந்தான்.

"வெ... என்ன மாப்ள? சொல்லு, சொல்லு."

"வெ... வெளிச்சம்!" என்றேன். "என்னா வெளிச்சம்! கண்ணைத் தொறக்க முடியல."

"ஏலே, வெளிச்சமா?" அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வெளிச்சத்துக்கா காலைத் தூக்கித் தூக்கி ஆடுற?"

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வழியில் போகிற வருகிறவர்கள் எல்லாம், "மாமா, இன்னைக்கு வெளிச்சம் எப்படி?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நானும் விடவில்லை. "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்பேன். "சாயங்காலம் கொஞ்சம் வெளிச்சம் குறையும்" என்பேன்.

இதில் ஒரு கூத்து நடந்தது. வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்து விளக்கே ஏற்ற முடியாமல் இருந்தது. கடைக்காரரிடம் போய், "ராத்திரியில வீட்டுல கொஞ்சமும் வெளிச்சமே இல்லையப்பா" என்று மெய்யாகவே முறையிட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டு, "நீங்க குடுத்து வச்சவுக மாமா. எங்க வீட்டுல ராத்திரியெல்லாம் ஒரே வெளிச்சம். பிள்ளைக தூங்கவே மாட்டேங்குதுக" என்றார்.

மண்ணெண்ணெய் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் அவரிடம் இருந்ததும் விற்றுத் தீர்ந்துவிட்டது.

திட்டாதவன் கண்ணில் பட்டவை

ஒன்று சொல்லவேண்டும். திட்டுவதை நிறுத்தியதால் எனக்குப் பொழுது நிறைய மிஞ்சியது. அந்தப் பொழுதில் கோடையில் என்னென்ன சுகம் இருக்கிறது என்று பார்த்தேன்.

விடிகிற நேரத்தில் குண்டாற்று மணலில் கால் வைத்தால் அப்படி ஒரு குளிர்ச்சி. ஆற்றில் தண்ணீர் கிடையாது. முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் ஊற்று மெள்ளக் கசியும். அது தெளிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சிவபுராணம் சொல்வேன். சொல்லி முடிப்பதற்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்பதற்கும் சரியாக இருக்கும். சிரட்டையால் மொண்டு தலையில் ஊற்றினால் உச்சந்தலை சிலிர்க்கும்.

திரும்பி வருகிற வழியில் பதனீர். பனையோலைப் பட்டையைப் பிடித்துக் குனிந்து குடிக்கும்போது ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். எனக்குப் பல் பாதி போய்விட்டது. முறுக்கு போச்சு, கரும்பு போச்சு, வறுத்த கடலை போச்சு. நுங்குக்கு மட்டும் பல் வேண்டாம். கட்டைவிரலை விட்டு நோண்டி உறிஞ்சினால் போதும். கிழவனுக்கென்றே ஆண்டவன் படைத்த பண்டம் அது.

மத்தியானம் கம்பங்கஞ்சி. பாக்கியம் முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுத் தருவாள். மோர் மிளகாய் ஒன்று. அதற்கு மேல் ராஜாவுக்கும் கிடைக்காது.

தொல்லைகளும் அப்படியே இருந்தன. வேர்க்குரு இருந்தது. ஈ இருந்தது. பகல் தூக்கத்தில் கயிற்றுக் கட்டிலின் கோடு முதுகில் பதிந்து, எழுந்தால் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தேன். விசிறி வீசினால் கை வலித்தது. விசிறியைக் கீழே வைத்தால் வேர்த்தது. வாயைத் திறக்க முடியாததால் எல்லாம் உள்ளேயே தங்கி, பல்லைக் கடித்துக் கடித்து மிச்சமிருந்த பல்லும் ஆட ஆரம்பித்தது.

சித்திரைக் கடைசியில் கோயிலுக்குப் போனேன். சிவலிங்கத்துக்கு மேலே தாராப் பாத்திரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அக்னி நட்சத்திரத்தில் வழக்கமாகச் செய்வதுதான். பாத்திரத்தின் அடியில் இருக்கிற சிறு துளை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சாமி தலையில் விழும்.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமி வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்கு வேர்க்கும் என்று தெரிந்து பாத்திரம் கட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவரே சொல்லாமல் இருக்கும்போது நான் என்ன பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். என் உறுதி இன்னும் கெட்டிப்பட்டது.

உடைமர நிழலில்

கெட்டிப்பட்டது கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. வெயில் என்னை ஒன்றும் செய்யாது என்று வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டவும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. எல்லோரும் வீட்டுக்குள் முடங்கும் நேரத்தில் நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்புவேன். பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த செடியான மாரைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாகப் போட்டிருந்தோம். அதைப் பார்க்க உச்சியில்தான் போகவேண்டும் என்று ஒரு அவசியமும் இல்லை.

"சாயங்காலம் போனா அது ஓடிப் போயிருமா?" என்பாள் பாக்கியம்.

"இருளப்பன் பாக்கட்டும்" என்பேன்.

அப்படிப் போன ஒரு நாள்தான் கண் இருட்டியது. முதலில் காதுக்குள் வண்டு பறப்பதுபோல் இரைச்சல் கேட்டது. வேர்வை நின்றுபோயிற்று. எப்படியோ உடைமரத்தைப் பிடித்துவிட்டேன். அதற்கு மேல் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கஞ்சியின் நீச்சத்தண்ணீரை வடித்து என் தலையில் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள் பாக்கியம். எனக்குத் தெளிவு வந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"சொல்லுங்க. வெயிலுன்னு சொல்லித் தொலைங்க. இங்க யாரு இருக்கா? இருளப்பண்ணன் இருக்காகளா? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரே ஒருக்க வாயைத் தொறந்து திட்டிருங்க."

"சாமி இருக்காரே."

"சாமி உங்களை உசுரை விடச் சொன்னாரா?"

 அந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் முந்தானையை என் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, நிழல் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வரும்போது நான் கேட்டேன், "சுந்தரம் வந்தா சொல்லிருவியா?"

"கேட்டா என்ன சொல்லச் சொல்றீக? பொய்யா?" என்றாள்.

 நாக்கை ஜெயித்துவிட்டேன். உடம்பு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மகன் காதில் விழுந்தால் மறுபேச்சுக்கு இடமிருக்காது.

விசாகத்துக்கு வந்தவன்

அந்த வருஷம் விசாகம் அக்னி கழிவதற்கு முன்பே வந்துவிட்டது. சுந்தரம் அருப்புக்கோட்டையிலிருந்து கரி பஸ்ஸில் வந்தான். வழியில் பஸ் இரண்டு மூன்று இடத்தில் நின்று, எல்லோரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். முகமெல்லாம் கரி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திருச்சுழியிலிருந்து நடந்தே வந்தவன் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தான்.

"யப்பா, என்னா வெயிலு! மனுசன் இருப்பானா இந்த ஊருல!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருளப்பன் துள்ளி எழுந்தான். "ஏலே சுந்தரம், நீ சொல்லிட்ட! உங்கய்யா சொல்லலை, நீ சொல்லிட்ட! இப்ப யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது?"

எல்லோரும் சிரித்தோம். சுந்தரமும் சிரித்தான். "நெசமாவா? ஒருக்ககூடவா சொல்லலை?" என்று இருளப்பனைக் கேட்டான்.

"சொல்லலைடா. நானும் எத்தனையோ கெஞ்சிப் பாத்துட்டேன். வெளிச்சம் வெளிச்சம்னே காலத்தை ஓட்டிட்டான்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று இருளப்பனே சொல்லிவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சுந்தரம் தன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன ஆத்தா?"

பாக்கியம் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னாள். உடைமரம், கலயம், நான் கிடந்த கிடை எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சுந்தரத்தின் முகம் மாறிவிட்டது. "அப்ப இனிமே பேச்சே இல்லை. நாளைக்கே கிளம்புறோம். ஜெயிச்சது தோத்தது எல்லாம் கிடக்கட்டும். தனியாக் காட்டுல விழுந்து கிடந்தா யாரு பாக்குறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அப்போது பாக்கியம் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"நீ போட்ட போட்டியாலதான்டா அது நடந்துச்சு. நான் உள்ள அடுப்படியில இருப்பேன். உங்கய்யா வெளியே வெயிலைத் திட்டுற சத்தம் கேக்கும். சத்தம் வேப்பமரத்துக்கிட்ட இருந்து வந்தா படுத்திருக்காக. தொழுவத்துப் பக்கம் வந்தா மாட்டுக்கிட்ட இருக்காக. குரல் கம்மினா உடம்பு சரியில்ல. எல்லாம் எனக்கு உக்காந்த இடத்துல தெரியும். இந்தக் கோடை பூரா வீடு ஊமையாக் கிடந்துச்சு. இவுக எங்க இருக்காக, எப்படி இருக்காகன்னே தெரியாம வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து என் காலு போச்சு."

 அவள் மேலும் சொன்னாள்.

"உன் ஊருக்குக் கொண்டுபோனா அங்க எதைத் திட்டுவாக? அங்கதான் குளுகுளுன்னு கிடக்கே. திட்ட ஒண்ணுமில்லாம ஒரு மூலையில வாயை மூடிக்கிட்டு உக்காந்துருவாக. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும் இவுக நல்லா இருக்காகன்னு? இங்கயே இருக்கட்டும். வாய்க்கு வந்தபடி வையட்டும். உச்சிப்பொழுதுல காட்டுக்குப் போக விடாம நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பங்குனியில் 'காது குளுந்து கிடப்பேன்' என்று சொன்னவள் இவள்தான்.

 சுந்தரம் என் பக்கம் திரும்பி, "ஐயா, மத்தியானம் காட்டுக்குப் போகமாட்டேன்னு சொல்லுங்க" என்றான்.

"போகலைப்பா."

"சரி. இங்கயே இருங்க. இப்பச் சொல்லுங்க, வெயிலு எப்படி?"

"வெளிச்சம் பரவாயில்லை" என்றேன்.

"நான்தான் விட்டுட்டேனே ஐயா!"

"நீ விட்டுட்ட. அக்னி இன்னும் கழியலையே."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். இருளப்பன், "இவனைக் கூட்டிட்டுப் போயிருந்தா உன் மில்லு ஓடியிருக்காது சுந்தரம்" என்றான்.

தாராப் பாத்திரம் இறங்கிய நாள்

சுந்தரம் ஊருக்குப் போய்விட்டான். மிச்சமிருந்த நாட்களையும் வாயைக் கட்டிக்கொண்டே கழித்தேன். வேப்பமரத்தடியில் இருக்கும்போது அடிக்கடி இருமிக்கொண்டேன். அடுப்படியில் இருக்கிறவளுக்கு அதாவது கேட்கட்டும் என்றுதான்.

அக்னி கழிந்த அன்றைக்கு நாங்கள் இருவரும் திருச்சுழிக்குப் போனோம். சாமி தலைக்கு மேலிருந்த பாத்திரத்தை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தீபாராதனை பார்த்து, திருநீறு பூசி, "அப்பனே, காப்பாற்றினாய்" என்று விழுந்து கும்பிட்டு எழுந்தேன்.

வெளியே வந்தால் பிரகாரத்துக் கல் தணலாகக் கிடந்தது. அக்னி கழிந்தது என்பது பஞ்சாங்கத்துக்குத்தான் தெரியும், கல்லுக்கு எங்கே தெரிகிறது? பாக்கியம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கோடை முழுவதும் பத்தடிக்கு ஒரு தடவை நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

நான் நடுப் பிரகாரத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கோயில் புறாக்கள் எல்லாம் எழுந்து பறக்கிற மாதிரிக் கத்தினேன்.

"அடேயப்பா! நாசமாப் போற வெயிலு! காலெல்லாம் எரியுதுடா சாமி! என்னா வேக்காடு, என்னா புழுக்கம்!"

"வாங்க, வாங்க" என்றாள் பாக்கியம். திரும்பிப் பார்க்கவில்லை.